சான் ஹோசேயில் கதவு எண் இல்லாத முகவரி

கோஸ்டா ரிக்காவில் பதிவு செய்த அறைக்கு 'தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் தெற்கு, 50 கிழக்கு' என்று மட்டும் முகவரி வந்திருக்கிறது, ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அங்கே முகவரி சொல்வதே அப்படித்தான். 100 மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனை வரை. 50 என்றால் அதில் பாதி. டேப் பிடித்து அளந்தால் சரியாக வராது! தேவாலயத்தின் எந்த வாசல் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், முகவரியில் 'ஆன்டிகுவோ' என்ற ஸ்பானியச் சொல் இருந்தால் 'முன்பு இருந்தது' என்று பொருள். சான் ஹோசேயை ஒட்டிய சான் பெட்ரோ பகுதியில் ஒரு பழைய அத்திமரத்தை வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். அந்த மரம் எப்போதோ போய்விட்டது. தலைநகர் சான் ஹோசேயின் தெருக்களுக்கு எண் உண்டுதான், ஆனால் டாக்சிக்காரரிடம் சொன்னால் பெரும்பாலும் விழிப்பார். வீட்டுக்காரரிடம் வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலியில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.