பத்தே நிமிடத்தில் நின்றுபோன காயில்

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். ஓய்வு நேரத்தில் சின்ன லேத்தில் 10 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மாடல் எஞ்சின் ஒன்று செய்து முடித்திருக்கிறேன். பிளக்குக்குப் பொறி தரும் மோட்டார் சைக்கிள் காயில் அதன் பக்கத்தில் மிகப் பெரிதாகத் தெரிந்ததால் நானே ஒன்று சுற்றினேன். மெல்லிய கம்பியில் 12,000 சுற்று, கைக்கு வந்தபடி சுற்றி, மேலே ஐந்து நிமிட எபோக்சி ஊற்றினேன். பத்து நிமிடம் நல்ல நீலப் பொறி. அப்புறம் நின்றுவிட்டது. மல்டிமீட்டரில் செகண்டரி (உயர் வோல்ட் தரும் மெல்லிய கம்பிச் சுற்று) சரியாகத்தான் காட்டுகிறது. சுற்றைக் கூட்டவேண்டுமா? அல்லது கப்சாய் (சிறு மோட்டார் சைக்கிள்) காயிலையே எங்காவது மறைத்து வைத்துவிடலாமா, ஐயா?

பதில்: சுற்றைக் கூட்டாதீர்கள். 10,000 சுற்றே போதும். பத்து நிமிடம் பொறி வந்திருக்கிறது என்றால் உங்கள் கணக்கில் கோளாறு இல்லை. உள்ளே மின்காப்பு உடைந்திருக்கிறது. வீட்டில் சுற்றும் காயில்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. எல்லோரும் சுற்றை எண்ணுகிறார்கள், உள்ளே அடைபட்ட காற்றைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

பொறி பாயும் கணத்தில் செகண்டரியில் 8,000 வோல்ட் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 சுற்றுக்குப் பகிர்ந்தால் ஒரு சுற்றுக்கு 0.8 வோல்ட். கம்பியின் காப்புப் பூச்சான எனாமலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கைக்கு வந்தபடி சுற்றும்போது 200ஆவது சுற்றின்மேல் 5,000ஆவது சுற்று சரிந்து விழுந்தால், அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் 3,800 வோல்ட் நிற்கும். அதைத் தடுக்க இருப்பது சில மைக்ரான் எனாமலும் கொஞ்சம் காற்றும்தான். ஐந்து நிமிட எபோக்சி உள்ளே இறங்குவதற்குள் இறுகிவிடும். மேலே பளபளப்பான ஓடு, உள்ளே காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு பொறிக்கும் அந்தக் குமிழிகளில் நுண்ணிய மின்கசிவு நடந்து எனாமலை அரிக்கும். அரித்த இடத்தில் கரி படியும். கடைசியில் பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அந்தக் கரி வழியாக உள்ளேயே பாய்ந்துவிடும்.

மல்டிமீட்டர் இதைக் காட்டாது. 12,000 சுற்றில் நூறு சுற்று ஒட்டிக்கொண்டாலும் மின்தடையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒட்டிய அந்த நூறு சுற்று காயிலின் சக்தி முழுவதையும் தின்றுவிடும்.

இது பழைய பிரச்சினை. தூண்டு சுருள்களை (இண்டக்ஷன் காயில்) நீளப் பொறிக்காகச் சுற்றியவர்களுக்கும் இதே காப்புத் தொல்லை இருந்தது. அமெரிக்கர் எட்வர்ட் ரிச்சி 1857இல் செகண்டரியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துச் சுற்றி அதைச் சமாளித்தார். நம் அளவுக்கு அடுக்கடுக்காகச் சுற்றி இடையில் காகிதம் வைப்பது சுலபம்.

இனி வேலைக்கு வருவோம். காயிலின் நடுவே நிற்கும் இரும்பு உள்ளகத்துக்குக் கட்டுமான இடங்களில் இரும்புக் கம்பிகளைப் பிணைக்கும் கருப்புக் கட்டுக்கம்பியே நன்றாக இருக்கும். அது பதப்படுத்திய மென் இரும்பு. மேலிருக்கும் கருப்புப் படலம் ஒரு கம்பியை இன்னொன்றிலிருந்து ஓரளவு பிரித்து வைக்கும். 60 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வார்னிஷில் முக்கி, 8 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே தடிக் கம்பி வேண்டாம், அதில் சுழல் மின்னோட்டம் ஓடிச் சக்தி வீணாகும். காகிதம் சுற்றி, அதன்மேல் 0.3 மில்லிமீட்டர் எனாமல் கம்பியில் இரண்டு அடுக்காக 200 சுற்று. அது பிரைமரி, பேட்டரி மின்சாரம் ஓடும் சுற்று. மின்தடை சுமார் ஒன்றரை ஓம் வரும். 6 வோல்ட் பேட்டரியில் சுமார் நான்கு ஆம்பியர் ஓடும்.

பிரைமரிக்கு மேல் அரை மில்லிமீட்டர் கனத்துக்குக் காகிதம் சுற்றிவிட்டுச் செகண்டரியைத் தொடங்குங்கள். கிதார் பிக்கப்புக்கு விற்கும் 42 கேஜ் கம்பி, 0.063 மில்லிமீட்டர், இதற்கு ஏற்றது. அதைவிட மெல்லியது அறுந்து அறுந்து பொறுமையைச் சோதிக்கும். முதல் அடுக்கின் அகலம் 40 மில்லிமீட்டர். மேலே போகப்போக ஒவ்வொரு அடுக்கையும் அரை மில்லிமீட்டர் குறுக்குங்கள். இப்படி 25 அடுக்கு வந்தால் 10,000 சுற்று ஆகிவிடும். அடுக்குக்கு 320 வோல்ட்; அடுத்தடுத்த இரண்டு அடுக்கின் திறந்த முனையில் 640 வோல்ட். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே மெல்லிய மின்காப்புக் காகிதம் ஒரு சுற்று போட்டு, ஓரங்களில் கம்பியைத் தாண்டி இருபுறமும் 3 மில்லிமீட்டராவது நீட்டி விடுங்கள். மைலார் (பிளாஸ்டிக்) தாளும் போடலாம் என்பார்கள். நான் காகிதத்தைத்தான் சொல்வேன்: காகிதம் எபோக்சியை உறிஞ்சும், மைலார் அதை வழிமறிக்கும்.

கம்பி வரும் உருளையைச் சுழலவிடாமல் நிமிர்த்தி வைத்து, கம்பியை அதன் தலைப்பக்கமாக உருவி எடுங்கள். உருளை சுழன்றால் திடீர் இழுப்பில் கம்பி அறும். சுற்றை எண்ண, மலிவான கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானுக்கு காந்தம் நெருங்கினால் மூடும் ரீட் சுவிட்ச் ஒன்றைப் பற்றவைத்து, சுழலும் தண்டில் காந்தம் ஒட்டிவிடுங்கள். இரு முனைகளிலும் மெல்லிய கம்பியை நான்காக மடித்து முறுக்கி, பல இழை ஒயரில் பற்றவைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அறுந்துவிடும். பாலியூரிதேன் எனாமல் என்றால் சூடான ஈயமே அதை உருக்கிவிடும். உள் முனை பிரைமரியோடு சேரும். வெளி முனை பிளக்குக்கு.

அடுத்தது உலர்த்தல். பினாங்கில் இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, காகிதம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். சுற்றி முடித்த காயிலை 85 டிகிரி அடுப்பில் நான்கைந்து மணி நேரம் வைத்து, சூடு ஆறுமுன் எபோக்சிக்குள் இறக்குங்கள். “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று மேசையில் வைத்தால் மறுபடி முதலிலிருந்து உலர்த்த வேண்டும்.

எபோக்சி மெதுவாக இறுகுவதாக, தண்ணீர்போல ஓடுவதாக இருக்கட்டும். பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் ஒன்று போதும், வெற்றிடம் இழுத்துவிடும். பினாங்குத் தீவுக்கு வரும்போது ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலோ, ஏர்கான் பழுதுபார்ப்பவரிடமோ தேடிப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடிப் போத்தல் உள்நோக்கி வெடிக்கலாம். தடித்த எவர்சில்வர் பாத்திரம், தடித்த அக்ரிலிக் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. காயில் முழுக எபோக்சி ஊற்றி இழுத்தால் நுரை பொங்கி வரும். விளிம்பைத் தொடுவதற்குள் வால்வைத் திறந்துவிட்டு, மறுபடி இழுங்கள். காற்றைத் திறந்துவிடும் அந்தக் கணத்தில் எபோக்சி மட்டம் கண்ணெதிரே சற்று இறங்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அதைக் காகித இடுக்குகளுக்குள் தள்ளுகிறது. மட்டம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மெழுகில் கொதிக்கவைக்கும் பழைய முறையும் உண்டு, அதற்குக் கம்ப்ரஸர் தேவையில்லை. ஆனால் சூடான எஞ்சின் பக்கத்தில் மெழுகு இளகும்.

கண்டென்சரை மறந்துவிடாதீர்கள். பாயிண்டுக்கு (பிரைமரி மின்சாரத்தை வெட்டிப் பொறி எழுப்பும் தொடுமுனை) குறுக்கே 0.2 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் வகை. கோலாலம்பூர் ஜாலான் பசார் மின்னணுக் கடைகளில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பாயிண்ட் கருகும், பொறியும் மெலியும்.

கப்சாய் காயில் உங்களுக்கு உதவாது. கப்சாய்கள் பலவற்றில் இருப்பது சிடிஐ வகை: கண்டென்சரில் ஏற்றிய இருநூறு முந்நூறு வோல்ட்டைச் சட்டென்று கொட்டுவதற்கென்றே சுற்றியது. பேட்டரி, பாயிண்டோடு சேர்த்தால் அதில் போதிய சக்தி தேங்காது.

புதுக் காயிலை முதலில் திறந்த காற்றில், இரண்டு ஊசி முனைகளுக்கு இடையே சோதியுங்கள். 6 மில்லிமீட்டராவது பாயவேண்டும். பிளக் இடைவெளி 0.4 தானே என்று நினைக்காதீர்கள்; அழுத்திய வாயுவில் அதே 0.4ஐத் தாண்டப் பல மடங்கு வோல்ட் தேவை. பிளக் ஒயரை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். வெளியே வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே வழி தேடும். எஞ்சின் நிற்கும்போது பாயிண்ட் மூடியிருந்தால் இந்தச் சின்னக் காயிலுக்குள் 20 வாட்டுக்கு மேல் சூடு ஏறும். அதனால் பேட்டரி சுவிட்ச் பக்கத்தில் சிவப்பு எல்இடி ஒன்றைப் போட்டுவிடுங்கள்.