1 கிலோஹெர்ட்ஸையும் 10 கிலோஹெர்ட்ஸையும் பிரிக்க

வணக்கம். ஒரே கம்பியில் வரும் 1, 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலைகளைப் பிரிக்க, 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து லோ பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்ணை விட்டு உயர்ந்ததைத் தடுக்கும் ஃபில்டர்) கட்டியிருக்கிறீர்கள். ஸ்கோப்பில் பெரிய அலையின் முதுகில் சிற்றலை இன்னும் ஓடுகிறது, அடுத்த சர்க்யூட்டை இணைத்ததும் வீச்சு பாதியாகிறது என்கிறீர்கள்.

உங்கள் இணைப்பில் தப்பில்லை. அந்த மதிப்புகளுக்குக் கட்-ஆஃப், அதாவது ஃபில்டர் தடுக்கத் தொடங்கும் அதிர்வெண், சுமார் 1.6 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஒரு ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி (ஆர்சி) என்பதால் 10 கிலோஹெர்ட்ஸில் 16 சதவீதம் கசிந்து வரும். வேண்டிய 1 கிலோஹெர்ட்ஸிலும் 15 சதவீதம் போய்விடும். கெபாசிட்டரை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, கட்-ஆஃபுக்கு மேல் வீச்சு குறையும் சரிவுதான் செங்குத்தாக வேண்டும்.

கட்-ஆஃபை 3.2 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) கொண்டு நான்காம் படி பட்டர்வொர்த் (கடக்கும் பகுதியில் வீச்சைச் சமமாக வைக்கும் ஃபில்டர் வகை) கட்டுங்கள். ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர் கொண்ட சாலன்-கீ கட்டங்கள் இரண்டு போதும். 10 கிலோஹெர்ட்ஸ் ஏறக்குறைய 1 சதவீதமாகச் சுருங்கும், 1 கிலோஹெர்ட்ஸ் அப்படியே வரும். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு கட்டங்களையும் ஒரே மாதிரி கட்டக் கூடாது. முதலாவதன் க்யூ (கட்-ஆஃப் அருகே வீச்சு எவ்வளவு எழும்பும் என்பதைக் காட்டும் எண்) 0.54, அடுத்தது 1.31. இரண்டுக்கும் 0.707 வைத்தால் கட்-ஆஃபிலேயே வீச்சு பாதியாகிவிடும். பலரும் இடறுவது இங்கேதான்.

வீச்சு பாதியானதற்குக் காரணம் அடுத்த சர்க்யூட்டின் உள்ளீடும் 10 கிலோஓம் அளவில் இருப்பதுதான். ஆப்-ஆம்ப் வெளியீட்டின் மின்தடை மிகக் குறைவு என்பதால், அது வந்தால் அதுவும் தீரும்.

10 கிலோஹெர்ட்ஸைத் தனியே எடுக்க, இதே கட்டங்களில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் இடம் மாறிய ஹை பாஸ் (உயர்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் ஃபில்டர்), அதே கட்-ஆஃபில். அப்புறம், சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு அலையை மட்டும் கொடுத்து அளந்து பாருங்கள்.