முழங்கால் வலியோடு சீனப் பெருஞ்சுவர் போகலாமா?

கேள்வி: அக்டோபரில் அம்மாவோடு பெய்ஜிங் போகிறோம். அவருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. பெருஞ்சுவரைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறார். சுவரின் பாதாலிங், முத்தியன்யு பகுதிகள் இரண்டில் எது சரிப்படும்?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். முத்தியன்யுவே சரி.

பாதாலிங்குக்கு அதிவேக ரயிலே போகிறது, அந்த வசதியை மறுக்க முடியாது. ஆனால் 1957 முதலே சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் பகுதி அது; கூட்டம் அங்கேதான் குவியும். செங்குத்தான சரிவில் முன்னும் பின்னும் ஆள் நெருக்க, நின்று மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது. முத்தியன்யு நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அம்மாவுக்காக வண்டி ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். முத்தியன்யுவில் மேலே போக இரண்டு வழிகள். ஒன்று, மூடிய பெட்டி கொண்ட கேபிள் கார். 14ஆம் எண் காவல் கோபுரத்தருகே இறக்கிவிடும். மற்றொன்று கம்பியில் தொங்கியபடி போகும் திறந்த நாற்காலி. 6ஆம் கோபுரத்துக்குப் போகும். நகர்ந்துகொண்டே வரும் நாற்காலியில் சட்டென்று உட்கார வேண்டும், இறங்கும்போதும் சட்டென்று எழ வேண்டும். வலியுள்ள முழங்காலுக்கு அது ஒத்துவராது. கேபிள் காரில் போக வர இரண்டுக்கும் டிக்கெட் எடுங்கள். கேபிள் காரும் நாற்காலியும் தனித்தனி நிறுவனங்கள் நடத்துபவை என்பதால், ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. '14இல் ஏறி, 6 வரை நடந்து, சறுக்கு வண்டியில் இறங்குங்கள்' என்று பலரும் சொல்வார்கள். இளவட்டங்களுக்கு அருமையான யோசனைதான், அம்மாவுக்கு இல்லை.

ஏனென்றால் முழங்காலைப் பதம் பார்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். சுவர் மலை முகட்டை ஒட்டியே ஏறி இறங்குவதால் படிகள் ஒரே அளவில் இருக்காது. ஒரு படி நாலு விரல் உயரம், அடுத்தது முழங்காலை எட்டும். நடையில் ஒரு தாளம் பிடிபடவே பிடிபடாது. 14ஆம் கோபுரத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும், மலை மடிப்புகளில் சுவர் வளைந்து போவது நன்றாகத் தெரியும். 20ஆம் கோபுரத்துக்கு ஏறும் செங்குத்துப் படிகள் பக்கம் மட்டும் அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். வேண்டுமானால் நீங்கள் போய் வாருங்கள். அங்கிருந்து தெரியும் காட்சி அபாரம். அதையும் தாண்டி ஜியன்கோவ் பக்கம் போவது பராமரிப்பில்லாத இடிபாடு, அது யாருக்கும் வேண்டாம்.

அக்டோபரில் காற்று தெளிவு, இலைகளும் நிறம் மாறத் தொடங்கும். ஆனால் 1 முதல் 7 வரை சீன தேசிய விடுமுறை. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது எந்தப் பகுதியிலும் கால் வைக்க இடமிருக்காது. வார நாளில், காலையில் திறந்ததுமே போய்ச் சேருவது நல்லது.

ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல், பிடிமானமுள்ள ஷூ, தண்ணீர், மேலே காற்று வீசும் என்பதால் ஒரு ஸ்வெட்டர். கழிப்பறையைக் கீழேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், டிக்கெட்டுக்குக் கேட்பார்கள். அப்புறம், அலிபே செயலியில் உங்கள் கார்டை இங்கிருந்தே இணைத்துவிடுங்கள். பணம் கட்ட அங்கே எல்லோரும் போனைத்தான் நீட்டுகிறார்கள்.