டொர்ரிஹோஸ் ஓவியம்: 57 வருடம் கழித்து ஏன்?
1831-இல் ஸ்பெயினில் நடந்த படுகொலையை ஸ்பானிய ஓவியர் அன்டோனியோ ஹிஸ்பெர்ட் ஏன் 1888-இல் வரைந்தார், கருத்தரங்கக் கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். காரணம் அரசியல்தான். ஸ்பெயினின் ஏழாம் பெர்னாண்டோ அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்த மன்னர். அதை மீட்க வந்த தாராளவாதத் தளபதி டொர்ரிஹோஸையும் தோழர்களையும் விசாரணையே இல்லாமல் தெற்கு ஸ்பெயினின் மலகா கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். 1886-இல் ஸ்பெயின் பிரதமர் சகாஸ்தாவின் தாராளவாத அரசுதான் இந்த ஓவியத்தை வரையச் சொன்னது. இவர்களைத் தன் முன்னோராகக் காட்ட விரும்பியது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் விழுந்தவர்களின் உடல்கள், மணலில் ஓர் உயரத் தொப்பி. நடுவில் டொர்ரிஹோஸ் இருபுறமும் தோழர்களின் கையைப் பற்றியபடி நிற்கிறார். அந்தக் கைகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். என்னால் அவற்றைத் தாண்டிப் போகவே முடிவதில்லை.