ஆய்வை எத்தனை நாளுக்கு ஒருமுறை வைப்பது? மில் பராமரிப்புக் கேள்வி பதில்

இயந்திரம் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கணக்கிட்டு, அதை வைத்து ஆய்வுக்கு, அதாவது மெஷினை நிறுத்திப் பழுது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, நாள் குறிப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். நூற்பாலைப் பராமரிப்பில் கற்றதைச் சொல்கிறேன்.

கேள்வி: நூல் நூற்கும் ரிங் ஃபிரேமை நிறுத்திப் பார்க்க மாதம் ஒருமுறை போதும் என்கிறார் முதலாளி. வாரம் ஒருமுறை வேண்டும் என்கிறார் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர். யார் சொல்வது சரி, சார்?

கணக்குப் போட்டுவிடலாம். பெரும்பாலான பழுதுகள் சொல்லிவிட்டுத்தான் வரும். பியரிங் இரையும், பெல்ட் ஓரம் பிசிறு விடும். அந்த அறிகுறி தெரியும் நாளிலிருந்து மெஷின் நிற்கும் நாள் வரை உள்ளதை நான் 'அவகாசம்' என்பேன். 1984-ல் கிறிஸ்டரும் வாலரும் எழுதிய கட்டுரை இந்த அவகாசத்தை வைத்துத்தான் ஆய்வு இடைவெளியைக் கணக்கிட்டது.

உதாரணத்துக்கு, 10 நாளுக்கு ஒரு பழுது முளைக்கிறது, அவகாசம் 0 முதல் 20 நாள் வரை எதுவாகவும் ஒரே அளவு வாய்ப்போடு இருக்கலாம் என்று வைப்போம். பிரேக்டவுன் ஆனால் 6 மணி நேரம் போகும். ஆய்வும் அப்போதே செய்யும் சின்ன ரிப்பேரும் சேர்ந்து 1 மணி நேரம். 8 நாள் இடைவெளி விட்டால் சராசரியாக 0.8 பழுது முளைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, நாம் பார்ப்பதற்குள் மெஷினை நிறுத்திவிடும். அதாவது 0.16 பிரேக்டவுன், 0.96 மணி நேரம். ஆய்வு நேரத்தையும் சேர்த்தால் 30 நாளுக்கு ஏறக்குறைய 7.4 மணி நேரம் நிற்கும்.

இதே கணக்கில் 4 நாளுக்கு ஒருமுறை பார்த்தால் 9.3 மணி, 16 நாள் என்றால் 9.1, 30 நாள் என்றால் 13. பார்க்கவே இல்லையென்றால் 18. ஆனால் 6 நாளோ 11 நாளோ, இரண்டுக்குமே 7.7 மணிதான். அதனால் இந்த இரண்டுக்கும் இடையில் உங்கள் வார விடுமுறைக்கு ஒத்துவருகிற நாளைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த எண்களைப் பொறுத்தவரை பிட்டர் சொல்வதுதான் சரி.

கேள்வி: அவகாசம் எத்தனை நாள் என்று எங்கே போய்த் தேடுவது? லாக் புக்கில் 'பியரிங் மாற்றப்பட்டது' என்றுதான் இருக்கிறது.

ஆட்களிடம் கேட்க வேண்டும். ஒரு ராத்திரி ஷிப்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினின் பியரிங் பிடித்து நின்றுவிட்டது. கழற்றினால் கிரீஸ் கரியாகக் கிடந்தது, ஹவுசிங் மேல் பெயின்ட் பொரிந்திருந்தது. மெஷினில் நின்ற அக்கா, "நாலு நாளா அந்தப் பக்கம் சூடா இருந்துச்சுங்க" என்றார். அந்த நாலு நாள்தான் நமக்கு வேண்டிய எண். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு பிரேக்டவுனிலும் 'எப்போதே தெரிந்திருக்கும்?' என்று எழுதுங்கள். ஆய்வில் பிடித்த பழுதுக்கு, 'இப்படியே விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும்?' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரேக்டவுன்களை மட்டும் எடுத்தால் அவகாசம் குறைவாகத் தெரியும். நீண்ட அவகாசம் உள்ளவை அதற்குள் ஆய்வில் சிக்கியிருக்கும், அல்லவா?

கேள்வி: ஆய்வுக்காக மெஷினைப் பிரித்து மாட்டிய மறுநாளே தகராறு செய்கிறதே, அண்ணா?

இது பழைய கதை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படையில் விஞ்ஞானி வாடிங்டனின் குழு பார்த்ததும் இதைத்தான்: திட்டமிட்ட ஆய்வு முடிந்த கையோடு எதிர்பாராத பழுதுகள் கூடின. கண்ணாலும் காதாலும் பார்க்க முடிந்ததைப் பிரிக்காதீர்கள். ஆய்வே பழுதை உண்டாக்குகிறது என்றால் அந்த மணி நேரத்தையும் ஆய்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மெஷினுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் கார்டுகளுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. அறிகுறி காட்டாமல் போவதற்கு அவகாசம் பூஜ்யம். ஆய்வு செய்தால் நிறுத்த நேரம் கூடும், அவ்வளவுதான். ஸ்பேர் கார்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: தனி சாஃப்ட்வேர் வேண்டுமா?

வேண்டாம். எக்செல் போதும்.

கேள்வி: ஆய்வில் பாதிப் பழுதுதான் கண்ணில் படுகிறது. என்ன செய்ய?

மேலே போட்ட கணக்கு, பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறது. பாதி தப்பினால் நிற்கும் நேரம் அதில் சொன்னதைவிடக் கூடும். இடைவெளியைக் குறைப்பதற்கு முன்னால் பஞ்சைத் துடைத்துவிட்டு, நல்ல டார்ச்சோடு பார்க்கச் சொல்லுங்கள்.