பெரியப்பாவின் ஸ்டாம்ப் ஆல்பம்

கேள்வி: லண்டனில் இருந்த பெரியப்பா விட்டுப்போன ஆல்பத்தில் 1981 சார்லஸ்–டயானா கல்யாண முதல் நாள் உறைகள் (ஸ்டாம்ப் வெளியான அன்றே ஒட்டி முத்திரை குத்தியவை) முப்பது, ஒரு பென்னி பிளாக் (பிரிட்டனின் பழைய கறுப்பு ஒரு பென்னி ஸ்டாம்ப்) இருக்கின்றன. விற்றால் எவ்வளவு தேறும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கல்யாண உறைகளை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஜூலை 22 அன்று அந்த 14 பென்ஸ், 25 பென்ஸ் ஸ்டாம்ப்கள் வந்தபோது ஆளாளுக்கு வாங்கி பீரோவில் பத்திரப்படுத்தினார்கள், இப்போது எல்லாருமே விற்க வருகிறார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை.

பென்னி பிளாக் வேறு கதை. 1840 மே மாதம் வந்தது, கிட்டத்தட்ட 6.8 கோடி அச்சடித்தார்கள், அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அந்தக் காலத்தில் ஓரத்தில் துளை கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டினார்கள், அவசரத்தில் விக்டோரியா ராணியின் படத்தோடு சேர்த்து வெட்டியதும் நிறைய. லென்ஸ் வைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் வெள்ளை ஓரம் தெரிந்தால் விலை நன்றாக ஏறும். மேலே சிவப்பில் சிலுவை மாதிரி முத்திரை இருந்தால் அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள் (அப்படித் துடைத்து மறுபடி ஒட்டுவார்கள் என்று பயந்துதான் 1841இல் ஸ்டாம்பையே சிவப்பாக்கி, முத்திரைக்குக் கறுப்பு மை போட்டார்கள்).

அப்புறம், போலி நிறைய உலவுகிறது. ஸ்டாம்ப் சேகரிப்பவர்களின் சங்கமான லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும். அதுவரை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம்.