ஒரே குளிரில் எத்தனை வீடுகள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), வரிசை வீடுகளின் நடுவே எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. அதை இடித்துவிட்டு மூன்று அடுக்கில் காங்கிரீட் வீடு கட்ட வேண்டும் என்கிறார் அண்ணன். குகையிலிருந்து குடிசை, குடிசையிலிருந்து ஓட்டு வீடு, அதிலிருந்து மாடி வீடு என்று மனிதன் ஏறி வந்த வழியில் இது அடுத்த படி என்பது அவர் வாதம். சித்தப்பாவோ, இந்த மலையின் குளிருக்கென்றே முன்னோர் கணக்குப் போட்டுக் கட்டிய வீட்டைத் தொடக்கூடாது என்கிறார். இருவர் பேச்சும் எனக்குச் சரியாகவே படுகிறது. உலகில் வீடுகள் உண்மையில் எப்படித்தான் உருவாகி வந்தன?

(கோத்தகிரி வாசகர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனும் சித்தப்பாவும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றினாலும், இருவர் பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். வீடு என்பது குளிரையும் மழையையும் தடுப்பதற்காக எழுந்தது என்று இருவருமே கொள்கிறார்கள். எது நல்ல தடுப்பு என்பதில்தான் சண்டை. அந்த நம்பிக்கை பாதி அளவுக்கே சரி என்பது என் எண்ணம். அதைக் காட்ட நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் மந்துகளில் (குடியிருப்புகளில்) இருந்த மரபான வீட்டை எடுத்துக்கொள்வோம். சுமார் 10 அடி உயரம், 18 அடி நீளம், 9 அடி அகலம். தடித்த மூங்கிலை வில்லாக வளைத்து நட்டு, அதன்மேல் பிரம்பை நெருக்கமாக வரிந்து கட்டி, புல் வேய்ந்திருப்பார்கள். சுவர் வேறு, கூரை வேறு என்ற பிரிவே அதில் கிடையாது; தரையில் புறப்படும் கூரை வளைந்து சென்று மறுபக்கம் தரையில் இறங்கும். முன்னும் பின்னும் அடைப்பு. வாசல் 3 அடி உயரமே இருப்பதால் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சூடான காற்று மேலே தங்கும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால், வாசல் தாழ்ந்திருக்கும் வரை அடுப்பின் சூடு எளிதில் வெளியேறாது. வட துருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்கள் இறுகிய பனியை வெட்டிக் கட்டிய மரபான வீட்டிலும் இதே கணக்குதான்: நுழைவழி கீழே, படுக்கும் மேடை மேலே. இதுவரை சித்தப்பா சொல்வது சரி.

ஆனால் அதே குளிரில், அதே மழையில், சில மைல் தள்ளி இருக்கும் உங்கள் ஹட்டியில் வீடுகள் அந்த வடிவத்தில் இல்லையே? அவை ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நேர்வரிசையில் நிற்கின்றன. முன்னால் எல்லோருக்கும் பொதுவான திறந்தவெளி. இதே மலையின் இன்னொரு பழங்குடியினரான கோத்தரின் ஊர்களிலும் வீடுகள் கேரி கேரியாக வரிசையில்தான் அமைந்தன. ஆனால் அங்கே கேரி என்பது தெரு மட்டுமில்லை, மணவுறவின் எல்லையும் அதுவே. ஒரே கேரிக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். குளிர் மட்டுமே வீட்டை வார்த்திருந்தால் இந்த மலையில் ஒரே வகை வீடுதான் இருந்திருக்க வேண்டும்.

பாலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோடரும் படுகரும் பாலைப் புனிதமாகக் கொண்டவர்கள். பால் வைக்கும் இடத்தில் பெண்கள் நுழைவதில்லை என்ற வழக்கமும் இருசாராரிடமும் இருந்தது. தோடர்கள் அதற்கென்று வீட்டைப் போன்றே வளைந்த கூரையுடைய தனிக் கட்டடம் கட்டினார்கள். அதுவே அவர்களுடைய கோயிலும் ஆயிற்று. படுகர்களோ அந்த இடத்தை வீட்டுக்குள்ளேயே ஹாகோட்டு என்ற அறையாக வைத்துக்கொண்டார்கள். ஒரே பொருள், ஒரே விலக்கு. ஆனால் ஒருவருடைய வீடு பிரிந்து இரண்டு கட்டடமாயிற்று, மற்றவருடைய வீடு உள்ளுக்குள் மடிந்து அறைகளாயிற்று. தட்பவெப்பத்தைக் கொண்டு இதை விளக்கிவிட முடியாது.

வெள்ளைக்காரர்கள் வந்தபோதும் இதே கதைதான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் ஸ்டோன்ஹவுஸ் என்ற பங்களாவைக் கட்டத் தொடங்கியபின் பெருகிய பங்களாக்கள், சமவெளி வெயிலுக்குப் பழகிய வடிவத்தையே மேலே கொண்டுவந்தன. வெயிலுக்கு ஒதுங்க உதவிய வராந்தா இந்தக் குளிரில் பயனற்றுப்போனதால் பலர் அதைக் கண்ணாடியால் அடைத்தார்கள். அதை எடுத்துவிட மட்டும் மனம் வரவில்லை. சமையலறை வீட்டுக்குப் பின்னால், வேலைக்காரர்களோடு தள்ளி வைக்கப்பட்டது. சமைக்கும் நெருப்பு வெளியே, குளிர்காயும் நெருப்பு வரவேற்பறையில். உங்கள் பாட்டியின் வீட்டில் இரண்டும் ஒரே நெருப்பு.

வெளியே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சுமாத்ரா தீவுக்குப் போகலாம். அங்கே மினாங்கபாவு மக்களிடம் சொத்து தாய்வழி செல்கிறது. அவர்களுடைய நீண்ட பெருவீட்டில் பின்புறமாக வரிசையாக அமைந்த அறைகள் அந்த வீட்டுப் பெண்களுக்கு உரியவை, மணமாகி வரும் கணவன் கிட்டத்தட்ட விருந்தாளி. அதே தீவில் தந்தைவழி மரபினரான தோபா பாத்தாக் மக்களின் வீடு வேறு விதம். இரண்டுக்கும் மழை ஒன்றுதான்.

இனி அண்ணனின் படிக்கட்டுக்கு வருவோம். மொகஞ்சதாரோவில் ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் சுட்ட செங்கல்லில் முற்றம் வைத்த வீடுகளும், குளியலறைகளும், அவற்றின் கழிவுநீர் தெருவிலுள்ள மூடிய வடிகாலில் சேரும் ஏற்பாடும் இருந்தன. அதற்கும் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய துருக்கியின் சாத்தால்ஹூயூக்கில் வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நின்றன. மக்கள் கூரைகளின் மீது நடந்து, ஏணி வழியாக வீட்டுக்குள் இறங்கினார்கள், இறந்தவர்களைத் தரைக்கடியில் புதைத்தார்கள். இவற்றில் எதை எந்தப் படியில் வைப்பது? படிக்கட்டு என்ற படம் பள்ளிப் புத்தகத்துக்கு வசதியானது, அவ்வளவே.

ஆனாலும் ஒரு சிறு மாற்றம் வீட்டையே புரட்டிப்போட்ட இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் வசதியானவர்களின் வீடும் ஒரே பெருங்கூடம்தான்; நடுவில் தரையிலேயே நெருப்பு எரியும், புகை கூரை வரை எழுந்து மெல்லக் கசிந்து வெளியேறும், எசமானும் வேலையாளும் அதே கூடத்தில் உண்பார்கள். புகைக்கு வழி விட்டாக வேண்டியிருந்ததால் கூடத்தின் மேல் மாடி கட்ட முடியாது. செங்கல் புகைபோக்கி பரவியதும் நெருப்பு சுவரோரம் போயிற்று, கூடத்துக்கு மேல் தளம் வந்தது, தனியறைகள் வந்தன. தன் ஊர் முதியவர்கள் வியந்து சொன்ன மாற்றங்களில் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தை வில்லியம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1577இல் எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் பெரிய வீடுகளில் நீளமான நடைவழி வந்தது. அதுவரை ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். நடைவழி வந்தபின் வேலைக்காரர்களை எசமானர்கள் கண்ணில் படாமல் நடமாட வைக்க முடிந்தது. நாம் இன்று இயல்பென்று நினைக்கும் தனியறையின் வரலாற்றில் இந்த ஒதுக்கலும் கலந்திருக்கிறது.

புகை வெறும் தொல்லையும் இல்லை. ஜப்பானின் ஷிராகாவா கிராமத்தில், கூப்பிய கைகளைப் போல் செங்குத்தாகச் சரியும் புல்கூரை வீடுகளின் மேல்தளங்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே எரியும் அடுப்பின் சூடு புழுக்களுக்கு உதவியது, புகை கூரைப்புல்லை உலர்த்திப் பூச்சி அரிக்காமல் காத்தது. தோடர் வீட்டிலும் உள்ளே கரிபடிந்து கறுத்திருக்கும் புல்தான் உறுதியான புல். அடுப்பு எரியாத புல்வீடு சீக்கிரம் மட்கிவிடும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதற்காக மட்டும் நிற்கும் மாதிரி வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் புகையைப் பகல் முழுவதும் சுவாசித்தவர்கள் பெண்கள் என்பதையும் சித்தப்பா நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர் காக்க நினைக்கும் ஓட்டு வீடும் ஆதிகாலத்தது இல்லை. ஹட்டிகள் முன்பு புல் வேய்ந்தவை. சுவிட்சர்லாந்தின் கிறித்தவ அமைப்பான பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்தது. வெளியிலிருந்து வந்த ஓடும் பணப்பயிரின் வருமானமும் சேர்ந்து புல்லை அகற்றின. உங்கள் தாத்தா தம் காலத்தின் புதுமையைத்தான் வாங்கினார். அவர் மாற்றாமல் விட்டவை, வரிசையும் பொதுச்சுவரும் முன்வெளியும்.

அதனால் காங்கிரீட்டா ஓடா என்று தொடங்காமல், அந்த வீட்டில் இனி எத்தனை குடும்பங்கள், எத்தனை மாதங்கள் இருக்கப்போகின்றன என்று தொடங்குங்கள். வரிசையின் நடுவில் ஒரு வீட்டை இடித்தால் இரு பக்கத்து வீட்டாரின் சுவரும் ஆட்டம் காணும். அதன்மேல் மூன்று அடுக்கு எழுந்தால் பின்வரிசைக்குக் காலை வெயில் போய்விடும். மலைப்பகுதியில் உயரத்துக்கு அனுமதி கிடைக்குமா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தட்டையான தளம் போட்ட பலர் ஒழுக்கு தாங்காமல் அதன்மேல் தகரக் கூரை போட்டிருப்பதை நீங்களே தினமும் பார்க்கிறீர்கள். ஜன்னலை இறுக மூடிய சிமெண்ட் வீட்டில், சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து, ஜூலையில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும். ஓட்டின் இடுக்குகளும் புகையும் முன்பு அந்த ஈரத்தை வெளியேற்றின.

என் யோசனை இது: இரு பக்கத்துப் பொதுச்சுவர்களையும் முன்முகப்பையும் சாய்கூரையையும் வைத்துக்கொண்டு, உள்ளே சமையலறையையும் குளியலறையையும் புதிதாகக் கட்டலாம், பின்புறம் இடமிருந்தால் ஒரு மாடியும் எழுப்பலாம். ஹாகோட்டை என்ன செய்வது என்பதை வீட்டுப் பெண்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். எதை இடிப்பதானாலும் அதற்கு முன் ஒவ்வொரு அறையையும் அளந்து வரைந்துவையுங்கள். விருப்பமிருந்தால் அந்த வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.